காளான் கொசு எங்கே?

பின்லாந்து நாட்டின் வரைபடம் ஒன்று உங்கள் மேசைமேல் விரித்து வைக்கப்பட்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதில் ஊர்ப் பெயர்கள் இல்லை; ஆறுகளும் சாலைகளும் இல்லை. ஆங்காங்கே சில கரும்புள்ளிகள் மட்டும் இருக்கின்றன. ஒரு சிறு பூச்சி இதுவரை எந்தெந்த இடங்களில் அகப்பட்டதோ, அந்தந்த இடத்தில் ஒரு புள்ளி. எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். "மிக அரிய பூச்சி" என்று படத்தின் அடியில் எழுதியிருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. புள்ளி இல்லாத இடங்களில் அந்தப் பூச்சி இல்லையா? அல்லது அங்கே யாரும் தேடவில்லையா?

இது ஏதோ வேடிக்கைக் கேள்விபோலத் தோன்றலாம். ஆனால் ஒரு பழைய காட்டை வெட்டலாமா, விட்டுவைக்கலாமா என்ற முடிவு சில சமயங்களில் இதற்குக் கிடைக்கும் விடையையும் பொறுத்திருக்கிறது. ஆகவே சற்று நிதானமாகவே ஆராய்வோம்.

கடிக்காத கொசு

நாம் தேடப்போகும் பூச்சி, காளான் கொசுக்கள் என்ற பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. பெயரில்தான் கொசு. இரத்தம் குடிப்பதில்லை, மனிதரைக் கடிப்பதும் இல்லை. ஈயும் கொசுவும் அடங்கிய டிப்டிரா வரிசையில் இவையும் இடம்பெறுகின்றன. பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. முதுகு கூன் விழுந்தாற்போல் வளைந்திருக்கும். நீண்ட கால்களில் முட்கள் இருக்கும். இவற்றின் புழுக்கள் காளானிலும் மட்கும் மரத்திலும் வளர்கின்றன. நம் ஊரில் சிப்பிக் காளான் வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். படுக்கையில் நுழைந்து காளானைத் துளைக்கும் கருந்தலை வெண்புழுக்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். அவர்கள் திட்டித் தீர்க்கும் 'காளான் ஈ'யும் இக்கூட்டத்துக்கு நெருங்கிய உறவுதான்.

நம் கட்டுரையின் நாயகன் அப்படி ஊரெங்கும் திரிபவன் அல்லன். அவன் பெயர் கெரோபிளாட்டஸ் டிபுலாய்டிஸ். 1792-ஆம் ஆண்டில் போஸ்க் என்ற பிரெஞ்சு இயற்கை அறிஞர் சூட்டிய பெயர் இது. கிரேக்க மொழியில் 'கெராஸ்' என்றால் கொம்பு, 'பிளாட்டஸ்' என்றால் அகன்றது. பூச்சியின் உணர்கொம்புகள் இரண்டும் தட்டையாக, அகலமாக இருப்பதால் இந்தப் பெயர். காளான் கொசுக்களுக்குள் இது பெரிய உருவம். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இத்தாலியிலிருந்து பின்லாந்துவரை இது அகப்பட்டிருக்கிறது. எனினும் எங்கும் அதிகமாக இல்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான்.

குளம்பில் ஒரு குடித்தனம்

பூமியின் வடபாகத்தில், அலாஸ்காவிலும் கனடாவிலும் தொடங்கி ஸ்காண்டிநேவியா, ரஷ்யா வழியாகப் பசிபிக் கடல்வரை, ஒரு பச்சைப் பட்டைபோல ஊசியிலைக் காடு பரந்து கிடக்கிறது. தைகா என்று புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். உலகக் காடுகளின் மொத்தப் பரப்பில் கால் பங்குக்கும் மேல் இதுவே. ஸ்புரூஸ், பைன் ஆகிய ஊசியிலை மரங்களே இங்கு மிகுதி. இடையிடையே வெள்ளைப் பட்டையுடைய பிர்ச் மரமும், காற்றில் இலை நடுங்கும் ஆஸ்பென் மரமும் உண்டு.

வயதான பிர்ச் மரம் சாகும்போது பெரும்பாலும் உடனே விழுந்துவிடுவதில்லை. நின்றபடியே சில ஆண்டுகள் மட்குகிறது. அதன் தண்டிலிருந்து குதிரைக் குளம்பைக் கவிழ்த்து ஒட்டியதுபோலச் சாம்பல் நிறத்தில் ஒரு கடினமான காளான் புடைத்து நிற்கும். இதைக் குளம்புக் காளான் என்றே அழைப்போம். தாவரவியலார் வைத்த பெயர் ஃபோமஸ் ஃபொமென்டாரியஸ். நாம் சமைக்கும் காளானைப்போல இரண்டு நாளில் வாடிப்போவதன்று இது. பல ஆண்டுகள் உயிரோடிருந்து, ஆண்டுதோறும் அடிப்பக்கத்தில் புதிய அடுக்கொன்றை வளர்த்துக்கொள்ளும். இதன் உட்பகுதி பஞ்சுபோல நெருப்பைப் பற்றிக்கொள்ளும். தீப்பெட்டி வருவதற்கு முன் ஐரோப்பியர் சிக்கிமுக்கிக் கல்லோடு இதையும் பையில் வைத்திருந்தனர். 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5300 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனித உடலின் பையிலும் இக்காளான் துண்டுகள் இருந்தன!

இந்தக் குளம்பின் அடிப்பக்கத்தை உருப்பெருக்காடியால் பார்த்தால் எண்ணற்ற நுண்துளைகள் தெரியும். அவற்றிலிருந்து கோடிக்கணக்கான ஸ்போர்கள் கண்ணுக்குத் தெரியாத தூளாகக் கொட்டுகின்றன. அங்கேதான் நம் பூச்சியின் புழு வாழ்கிறது. உடல் நீண்டு, மெலிந்து, ஈரப் பளபளப்போடு இருக்கும். காளானின் அடியில் அது கோழை போன்ற இழைகளால் ஒரு வலை பின்னுகிறது. சிலந்தி வலை ஈயைப் பிடிக்கிறது. இந்த வலை ஸ்போரைப் பிடிக்கிறது. மேலிருந்து சோறு விழுந்துகொண்டே இருக்க, கீழே இலையை விரித்து உட்கார்ந்திருப்பது போன்ற வாழ்க்கை! வலையில் தங்கும் ஸ்போர்களைத் தின்று வளர்ந்து, அங்கேயே கூடுகட்டி, சிறகு முளைத்துப் பறந்து போகிறது.

இந்தப் பேரினத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இதைச் சேர்ந்த சில வகைகளின் புழுக்கள் இருட்டில் மெல்லிய நீல ஒளி வீசுகின்றன. கெரோபிளாட்டஸ் செசியாய்டிஸ் என்ற வகையின் புழு ஒளிர்வதை 1840-களிலேயே ஸ்வீடன் நாட்டு வால்பெரி என்ற அறிஞர் எழுதிவைத்தார். மின்மினிக்கு வயிற்றின் நுனியில் ஒளி உறுப்பு இருப்பதை அறிவீர்கள். இப்புழுக்களுக்கு அப்படித் தனி விளக்கு எதுவும் இல்லை. உடலெங்கும் பரவியுள்ள கொழுப்புத் திசுவே ஒளிர்கிறது. நியூசிலாந்தின் வைட்டோமோ குகைகளில் விண்மீன்கள்போல் மின்னும் புகழ்பெற்ற புழுக்களும் இதே குடும்பத்தவையே. அவை ஒளியைக் காட்டி இரையைப் பிடிக்கின்றன. ஸ்போர் தின்னும் புழுவுக்கு இரை தேடவேண்டிய தேவை இல்லையே, பின் எதற்கு விளக்கு? தன்னைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுவதற்காக இருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

பனிக்காலம் என்ன ஆகும்?

தைகாவில் குளிர்காலம் ஆறு மாதம்கூட நீடிக்கும். காளான் கொசுக்களில் பல வகைகள் புழுவாகவோ கூட்டுப்புழுவாகவோ மரத்துக்குள்ளும் மண்ணுக்குள்ளும் அதைக் கழிக்கின்றன. வளர்ந்த பூச்சியாகவே கழிப்பவையும் உண்டு. அலாஸ்காவில் எக்செக்கியா நுகடோரியா என்ற வகையை ஆராய்ந்தவர்கள் 2009-இல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். குளிர் சுமார் மைனஸ் 30 டிகிரி சென்டிகிரேடைத் தொடும்போது இதன் வயிறு உறைந்து பனிக்கட்டியாகிவிடுகிறது. தலையும் மார்பும் மட்டும் உறையாமல் திரவமாகவே இருக்கின்றன! ஒரே உடலில் பாதி உறைகிறது, பாதி உறைய மறுக்கிறது. ஏறத்தாழ மைனஸ் 50 டிகிரிவரை அது உயிரோடிருக்கும். இத்தனைச் சிறிய உடம்பில் இப்படி ஓர் ஏற்பாடு அமைந்திருப்பதை முதன்முறை படித்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

ஆனால் இவ்வளவு குளிரைத் தாங்கும் கூட்டத்தால் கோடை வெயிலைத் தாங்க முடிவதில்லை. பகலில் இவை ஓடைக் கரையின் சரிவுகளிலும், புயலில் சாய்ந்த மரத்தின் வேர்க் குழிகளிலும், பொந்துகளிலும் ஒதுங்கிக் கிடக்கும். மாலை மங்கிய பின்னரே பறக்கும். காற்றில் ஈரம் குறைந்தால் புழுவின் மெல்லிய தோலும் அதன் கோழை வலையும் உலர்ந்துவிடும். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

கூடாரத்தில் ஓர் ஓட்டை

இருட்டில் பறந்து, பகலில் ஒளியும் இத்தகைய பூச்சிகளை எப்படிப் பிடிப்பது? வலையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினால் முடியாது. இதற்கு வழி கண்டவர் ரெனே மலேஸ் என்ற ஸ்வீடன் பூச்சியியலார். 1934-ஆம் ஆண்டில் அவர் பர்மாவில் பூச்சி சேகரித்துக்கொண்டிருந்தார். அவருடைய கூடாரத்துக்குள் புகுந்த பூச்சிகள் மேல்நோக்கி ஊர்ந்து, கூரையின் மூலையில் இருந்த ஓர் ஓட்டை வழியாகத் தப்பிச் செல்வதைக் கவனித்தார். வேறொருவராக இருந்தால் ஓட்டையைத் தைத்திருப்பார். அவரோ அந்த ஓட்டையில் ஒரு புட்டியை மாட்டினால் என்ன என்று யோசித்தார்! 1937-இல் அவர் வெளியிட்ட அந்த வலைக் கூடாரம் இன்று உலகெங்கும் 'மலேஸ் பொறி' என்ற பெயரில் பயன்படுகிறது. இதைக் காட்டில் நிறுத்திவிட்டு, சாராயம் நிரப்பிய புட்டியை இரண்டொரு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

2003 முதல் 2006 வரை ஸ்வீடன் முழுவதும் 55 இடங்களில் 73 மலேஸ் பொறிகள் வைக்கப்பட்டன. அவற்றில் விழுந்த பூச்சிகள் சுமார் 2 கோடி என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இவற்றில் நூற்றுக்கு 75 டிப்டிரா வரிசையைச் சேர்ந்தவை. டிப்டிராவில் நூற்றுக்கு 9.4 'மைசீட்டோபிலிடே' என்ற ஒரேயொரு காளான் கொசுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தாளும் பென்சிலும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 14 லட்சம் வருகிறது அல்லவா?

14 லட்சம் பூச்சிகளையும் யாராவது ஒருவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாக வேண்டும். வடநாடுகளில் ஏறத்தாழ ஆயிரம் வகைக் காளான் கொசுக்கள் உள்ளன. பல வகைகள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆண் பூச்சியின் வால்நுனி உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால்தான் இன்னது என்று சொல்ல முடியும். பின்லாந்தில் கார்ல் லுண்ட்ஸ்ட்ராம் என்பவர் 1906-இல் தொடங்கி இக்கொசுக்களைப் பற்றி விரிவாக எழுதினார். இந்த வேலையில் தேர்ச்சி பெற்றவர்கள் எந்தக் காலத்திலும் ஒரு சிலரே. இன்றும் அப்படித்தான்.

இதனால் வரைபடத்துக்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். நிபுணர் ஒருவர் குடியிருக்கும் நகரைச் சுற்றிப் புள்ளிகள் குவிகின்றன. அவர் விடுமுறைக்குச் செல்லும் ஏரிக்கரையிலும் இரண்டு புள்ளிகள் விழுகின்றன. அவர் போகாத மாவட்டம் வெறுமையாகக் கிடக்கிறது. பூச்சியின் படம் என்று நினைத்துப் பார்க்கிறோம். உண்மையில் பாதி, பூச்சி பிடித்தவரின் படம்!

ஒரு சிறு கணக்கு

'காணவில்லை' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் உள்ள தூரத்தை அளக்க முடியுமா? முடியும். நிகழ்தகவுப் பாடம் இதற்கு உதவும்.

ஒரு காட்டில் அந்தப் பூச்சி உண்மையாகவே வாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு பொறியைக் கோடை முழுவதும் வைத்தால் பூச்சி அதில் விழுவதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்று என்றும் கொள்வோம். (இது நம் கணக்குக்காக நாமே எடுத்துக்கொண்ட எண்.) அப்படியானால் விழாமல் போகும் வாய்ப்பு 0.9. பத்துப் பொறிகள் வைத்தால், ஒன்றில்கூட விழாமல் போகும் வாய்ப்பு 0.9-ஐப் பத்து முறை பெருக்கக் கிடைக்கும் 0.35. அதாவது பத்துப் பொறிகள் வைத்தும், இருக்கும் பூச்சியை மூன்றில் ஒரு முறை கோட்டைவிட்டுவிடுவோம். முப்பது பொறிகள் வைத்தால்தான் இந்த வாய்ப்பு 0.04 ஆகக் குறையும். அதன் பிறகே "இங்கே இல்லை" என்று ஓரளவு துணிவோடு சொல்லலாம். ஒரே ஒரு பொறியை வைத்துவிட்டு, "தேடினோம், இல்லை" என்று எழுதினால் அதற்கு மதிப்பே இல்லை.

நம் நாயகன் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பறக்கும் பூச்சியைப் பொறிவைத்துப் பிடிப்பதைவிட, காளானைக் குனிந்து அடியில் பார்ப்பது எளிது. சிறகுப் பருவம் சில நாட்களில் முடிந்துபோகும். புழுவோ வாரக்கணக்கில் ஒரே இடத்தில் இருக்கும். எனவே எந்தப் பூச்சியை எப்படித் தேடவேண்டும் என்று தெரியாமல் தேடினாலும் அது அரிய பூச்சியாகிவிடும்.

சோறு இருந்தும் ஆள் இல்லை

அப்படியானால் அரிய பூச்சி என்பதே கட்டுக்கதையா? அதுவும் இல்லை. இங்கேதான் கேள்வியின் மறுபாதி வருகிறது.

குளம்புக் காளான் வடக்குக் காடுகளில் அப்படியொன்றும் அரியதன்று. பிர்ச் மரம் சாகும் இடமெல்லாம் வளரக்கூடியது. உணவு இத்தனை இடங்களில் இருந்தும், அதை உண்ணும் பூச்சி ஏன் இத்தனைக் குறைவு? பழங்காடுகளில் மட்டும் அது ஏன் அதிகமாக அகப்படுகிறது?

இயற்கையான தைகாவில் காட்டுத் தீயும் புயலும் அவ்வப்போது வந்து போகும். தீயில் வெட்டவெளியான இடத்தில் முதலில் பிர்ச்சும் ஆஸ்பெனும் முளைக்கும். அவை வளர்ந்து மூப்படைந்து சாகும் காலத்தில் அவற்றின் நிழலில் ஸ்புரூஸ் எழுந்துவிடும். ஆகவே செத்த பிர்ச் மரங்கள், அடர்ந்த ஸ்புரூஸ் நிழலின் ஈரத்துக்குள் நிற்கும். அவற்றின்மேல் பெரிய, பல ஆண்டுக் குளம்புகள். ஒன்று மடிந்தால் சற்றுத் தள்ளி இன்னொன்று. சில வாரமே வாழும் சிறு பூச்சிக்கு இந்தத் தொடர்ச்சிதான் உயிர். அதன் பேரப் பிள்ளைகளுக்கும் பறந்து எட்டும் தூரத்தில் ஒரு செத்த மரம் வேண்டும்.

பின்லாந்தின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 70-க்கும் மேல் காடுதான். ஆனால் அதில் பெரும்பகுதி மரத்தொழிலுக்காகப் பேணப்படும் காடு. அங்கே மரங்கள் மூப்படையும் முன்பே வெட்டப்படுகின்றன. செத்த மரமும் அகற்றப்படுகிறது. காட்டுத் தீ உடனுக்குடன் அணைக்கப்படுகிறது. பிர்ச்சும் ஆஸ்பெனும் சென்ற நூற்றாண்டின் நடுவில் களைகளாகவே கருதப்பட்டன. ஆஸ்பென்மீது ஒரு தனிக் கோபமும் இருந்தது. இளம் பைன் மரங்களின் தளிரைக் கோணலாக்கும் துருநோய்ப் பூசணம், தன் வாழ்க்கையின் ஒரு பகுதியை ஆஸ்பென் இலையில் கழிக்கிறது என்பதே காரணம்.

எண்களைப் பாருங்கள். தென்பின்லாந்து போன்ற பகுதிகளில், மனிதன் கைவைக்காத காட்டில் ஒரு ஹெக்டேருக்கு 60 முதல் 120 கன மீட்டர் செத்த மரம் நின்றும் விழுந்தும் கிடக்கும். வடகோடியில், மரங்கள் குட்டையாகிவிடும் எல்லையில், இது சுமார் 20 கன மீட்டராகக் குறையும். தொழிற்காடுகளிலோ பொதுவாக 2 முதல் 10 கன மீட்டரே இருக்கும். பின்லாந்தின் காட்டு உயிர்வகைகளில் நாலாயிரம் ஐயாயிரம், அதாவது ஏறத்தாழ நான்கில் அல்லது ஐந்தில் ஒன்று, செத்த மரத்தை நம்பி வாழ்பவை. வீட்டில் நூறு பேர் இருக்க, பானையில் பத்துப் பேருக்கான சோற்றை மட்டும் வைத்தது போலாயிற்று.

வெட்டவெளியில் தனித்து நிற்கும் செத்த பிர்ச்சிலும் குளம்பு வளரத்தான் செய்யும். ஆனால் வெயிலும் காற்றும் நேராக அடிக்கும் அந்த இடத்தில், முன்பு நினைவில் வைக்கச் சொன்ன ஈரம் இருக்காது. காளான் கடினமான ஓட்டுக்குள் தாங்கிக்கொள்ளும். கோழை வலை தாங்குமா? காளான் இருக்கும் இடமும் காளான் கொசு இருக்கும் இடமும் ஒன்றாக இல்லாமல் போவதற்கு இதுவே முக்கியக் காரணமாகத் தோன்றுகிறது.

ஆகவே வரைபடத்தின் வெற்றிடங்களில் இரண்டு வகை கலந்திருக்கின்றன: தேடாத வெற்றிடம், வாழ முடியாத வெற்றிடம். இவற்றைப் பிரிப்பதற்கு ஒரே வழி, பழங்காட்டிலும் தொழிற்காட்டிலும் ஒரே எண்ணிக்கையில், ஒரே காலத்தில், ஒரே முறையில் தேடுவதுதான். தேடிக் கிடைக்காத இடங்களையும் விடாமல் குறித்துவைக்க வேண்டும். கிடைத்ததை மட்டும் எழுதிவைத்துக் கிடைக்காததை எழுதாமல் விடுவது, என் கருத்தில், பழைய சேகரிப்பாளர்கள் செய்த பெரிய பிழை. ரஷ்யாவின் கரேலியாப் பகுதியில் 1931 முதல் காக்கப்பட்டுவரும் கிவாச் காப்பகம் போன்ற இடங்கள் இத்தகைய ஒப்பீட்டுக்கு அரிய அளவுகோல்கள்.

வெட்டும் முறையும் சற்று மாறியிருக்கிறது. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் மரம் வெட்டும்போது சில மரங்களை மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் துண்டித்து, அடிமரத்தை நிற்கவிடும் வழக்கம் வந்துள்ளது. கிழட்டு ஆஸ்பென் மரங்களை வெட்டாமல் விடுவதும் உண்டு. இதனால் வெயில் விரும்பும் வண்டுகள் பல பயனடைகின்றன. நிழல் விரும்பும் நம் பூச்சிக்கு, சுற்றியுள்ள ஸ்புரூஸ் மரங்களும் சேர்ந்து நின்றால்தான் பயன்.

தேடாத வெற்றிடத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நீல ஒளி வீசும் காளான் கொசுப் புழுக்கள் தென் அமெரிக்காவில் உண்டு என்பதற்கு நெடுங்காலமாகச் சான்று இல்லை. அந்தக் கண்டம் வரைபடத்தில் வெறுமையாகவே இருந்தது. பிரேசிலின் பெட்டாரி என்ற காட்டுக் காப்பகத்தில், இரவில் ஒளிரும் காளான்களைத் தேடிச் சென்றவர்களின் கண்ணில், விழுந்த மரக்கிளைகளின்மேல் சிறு நீல வெளிச்சங்கள் பட்டன. குனிந்து பார்த்தால், புழுக்கள்! 2019-இல் அதற்கு நியோசெரோபிளாட்டஸ் பெட்டாரியென்சிஸ் என்று பெயரிட்டார்கள். அவர்கள் போனது வேறு எதையோ தேடித்தான்.